பேரப்பிள்ளை பார்க்க வருகிற அம்மாவுக்கு

வணக்கம் தங்கச்சி. உங்கள் கேள்வியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். வயது 54. வவுனியாவில் நீண்டகாலம் முன்பள்ளி ஆசிரியை. கணவர் இல்லை. மகள் ஸ்பொன்சர் செய்து கனடாவின் பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இறங்குகிறீர்கள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, ஆங்கிலமும் படித்து, பிறகு இந்த வயதில் இங்கே டேகெயாரில் (பிள்ளைகள் காப்பகத்தில்) வேலை எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. குளிருக்கு என்ன கொண்டுவருவது, சாமான் விலை எப்படி, கோயில் கிட்டவா என்பவை மற்றவை.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஊரில் குளிர் உடுப்பு என்று விற்பதை வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். ஸ்காபரோவில் முருங்கைக்காயிலிருந்து ஒடியல் மா வரைக்கும் கிடைக்கும். விலையை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், சோறு இறங்காது. கோயிலுக்குக் குறைவில்லை.

இனி டேகெயார் விஷயம். "பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். எனக்குப் பயம் அதில்தான்.

ஊரில் அதிபராக இருந்தவர், தபாற்கந்தோரில் வேலை செய்தவர், சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவர் என்று எத்தனையோ அம்மாக்கள் இப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வந்த உடனே சின்னவன் கைக்குழந்தை, கொஞ்சம் வளரட்டும் என்பார்கள். அவன் நாலு வயதில் கிண்டர்கார்டன் போக, அடுத்தது பிறந்திருக்கும். அதுவும் வளர்ந்தால், பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க ஆள் வேண்டும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு பஸ் ஏறத் தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன்: இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் சிலர், அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்பே டேகெயார் காசைக் கணக்குப் பார்த்துவிடுகிறார்கள்.

அந்தக் காசும் இப்போது முன்னைப் போல இல்லை. 2025 ஜனவரியிலிருந்து, அரச திட்டத்தில் சேர்ந்த, எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக் காப்பகங்களில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அடிப்படைக் கட்டணம் நாளுக்கு 22 டொலருக்கு மேல் போக முடியாது. இடம் கிடைப்பதுதான் பாடு. ஆகவே நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே மகளைப் பெயர் பதியச் சொல்லுங்கள். இதைக் கேட்டு அவள் முகம் கறுத்தால் இப்போதே கறுக்கட்டும்.

இன்னொன்று. மகள் 20 வருடத்துக்கு உங்களுக்குப் பொறுப்பு என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறாள். அது உங்கள் செலவுக்கான கையெழுத்து. நீங்கள் படிப்பதையோ வேலைக்குப் போவதையோ அது தடுக்காது. சண்டை வந்தால் "ஸ்பொன்சரை வாபஸ் எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மருமக்கள் வெருட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். பிஆராக இறங்கியபின் அப்படி யாரும் அனுப்ப முடியாது. உங்கள் மகள் அப்படிப்பட்டவள் என்று சொல்ல வரவில்லை.

ஆங்கிலத்துக்கு லிங்க் (LINC) என்று புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பு இருக்கிறது, மத்திய அரசின் காசில் நடப்பது, உங்களுக்கு இலவசம். முதலில் மட்டம் பார்க்க ஒரு பரீட்சை வைப்பார்கள், அதற்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த கிழமையே பதியுங்கள். ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், குடியுரிமை எடுத்தவர்களுக்கு லிங்க் கிடையாது. பேரப்பிள்ளை வளரட்டும் என்று இருந்து, இடையில் குடியுரிமையும் எடுத்து, பிறகு புத்தகப் பையோடு போய்த் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சபைகள் நடத்தும் வகுப்புகளில் குடியுரிமைக்காரரும் சேரலாம். ஆனால் பத்து வருடம் வீட்டுக்குள் இருந்த ஒருவருக்கு இன்னொரு வாசலைத் தேடிப் போக மனம் வராது.

55 வயதுக்கு மேல் குடியுரிமைக்குப் பரீட்சையும் இல்லை, மொழிச் சான்றும் கேட்க மாட்டார்கள், பிறகேன் படிப்பு என்று கோயில் மடத்தில் யாராவது உங்களுக்கும் ஆலோசனை சொல்வார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு வாருங்கள். அவர்களில் பலர் டொக்டரிடம் போகவும் பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்.

கைக்காசு வேலை, அதாவது கணக்கில் காட்டாமல் கையில் காசு தரும் வேலை. இதை நான் கத்திச் சொல்வேன். சமையல் கட்டு, பேக்கரி, யாரோ வீட்டில் பிள்ளை பார்ப்பது எல்லாம் எங்கள் ஆட்கள் மூலமாகத்தான் வரும், "எங்கட ஆள்தானே" என்ற கதையோடு. 2025 அக்டோபரிலிருந்து இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். கைக்காசுக்காரர் அதைத் தரமாட்டார். அதைவிடப் பெரிய நட்டம் பென்ஷன். கணக்கில் உள்ள வேலையில் சிபிபி என்கிற கனடா பென்ஷன் திட்டத்துக்கு உங்களிடம் கழிக்கிற அளவு காசை முதலாளியும் போட வேண்டும்; கைக்காசில் ஒரு சதமும் சேராது. முதியோர் பென்ஷனுக்கு 65 வயதும் இங்கே பத்து வருட வசிப்பும் வேண்டும். 54 வயதில் வரும் உங்களுக்கு 65இல் பத்துப் பதினொரு வருடம்தான் இருக்கும், அதாவது முழுத் தொகையில் 40இல் 10 அல்லது 11 பங்குதான். அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் தனியாக ஒரு அறைகூட எடுக்க முடியாது. அதனால்தான் சிபிபி சிபிபி என்று அலட்டுகிறேன்.

நான் 1996 பெப்ரவரியில் வந்தேன், 43 வயதில், இரண்டு பிள்ளைகளோடு ஒரு பேஸ்மென்டுக்கு. விடிய முன்னர் ஏஜென்சி வேன் வந்து சந்தியில் ஏற்றும். எந்த ஃபாக்டரி என்று இறங்கும்போதுதான் தெரியும். சம்பளத்தில் ஏஜென்சிக்காரன் எவ்வளவு எடுத்தான் என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் ஊர் ஆள்தான். இரவில் வகுப்புக்குப் போய் நித்திரை தூங்கி வழிந்து, பிறகு கல்லூரியில் சிறுபிள்ளைக் கல்வி படித்து முடிக்க ஐம்பது ஆகிவிட்டது. வகுப்பில் மற்றதெல்லாம் என் மகள் வயதுப் பெட்டைகள். முதலில் ஒதுங்கி இருந்தார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில், அழுகிற பிள்ளையை நான் இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு மற்றக் கையால் சாப்பாடு கொடுத்ததைப் பார்த்தபிறகு என் பக்கத்தில் வந்து இருக்கத் தொடங்கினார்கள்.

நான் முடித்த காலத்தில் பதிவு என்று ஒன்று இல்லை. 2007இல் சட்டம் வந்தது. இப்போது ஒழுங்குமுறைக் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, படிப்பிக்கிற இடமில்லை, இந்தத் தொழிலில் உள்ளவர்களைப் பதிகிற அமைப்பு) பதியாமல் ஈசிஇ, அதாவது சிறுபிள்ளைக் கல்வியாளர், என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதற்குப் பொதுவாக இரண்டு வருட டிப்ளோமா வேண்டும். சென்டெனியல், செனெகா போன்ற அரச கல்லூரிகளில் இருக்கிறது. "ஆறு மாதத்தில் டேகெயார் வேலை" என்று விளம்பரம் போடும் தனியார் இடங்களுக்குக் காசு கட்டுவதற்கு முன், ஒழுங்குமுறைக் கல்லூரி அங்கீகரித்த பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டிப்ளோமா இல்லாமலும் உதவியாளராகத் தொடங்கலாம், நீங்கள் அப்படிச் செய்வதுதான் புத்தி. பொலிஸ் சோதனைக் கடிதமும் முதலுதவிச் சான்றிதழும் கட்டாயம் கேட்பார்கள். வவுனியாவிலிருந்து பயிற்சிச் சான்றிதழின் மூலப் பிரதி, சேவைக் கடிதம் இரண்டையும் கையோடு கொண்டுவாருங்கள். வந்தபின் எடுப்பிக்க அலைய வேண்டும்.

பிள்ளைகளோடு கதைக்க உங்கள் ஆங்கிலம் போதும். எழுத்துத்தான் கஷ்டம். ஒருவன் விழுந்து முழங்கை உரசினாலும் எப்படி, எங்கே என்று எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலணையைச் சேர்ந்த வரதலெட்சுமி சண்முகநாதன் அம்மா 2021இல், 87 வயதில், யோர்க் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் முதுகலைப் பட்டம் எடுத்தார். அவரையும் 2004இல் மகள்தான் கூப்பிட்டது. பிறகு ஒன்ராறியோ சட்டசபையிலும் அவரைக் கௌரவித்தார்கள். அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் ஆட்கள் எல்லோரும் போனில் பகிர்ந்து தள்ளினார்கள். பகிர்ந்த வீடுகளிலேயே அம்மா சமையலறையில் நின்றார். வரதலெட்சுமி அம்மா ஊரிலேயே ஆசிரியையாக இருந்து, லண்டனிலும் ஒரு முதுகலை முடித்தவர். அதனால் அவரோடு உங்களையும் என்னையும் ஒப்பிடத் தேவையில்லை. 58 வயதில் ஈசிஇ முடிப்பதற்கு அந்த அளவு மூளை தேவைப்படாது.

உடம்புதான் தேவைப்படும். ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது வரையான பிள்ளைகளில் ஐந்து பேருக்கு ஒரு ஆள் என்பது சட்டம். குளிர்காலத்தில் வெளியே விளையாட விடுவதற்கு, ஐந்து பேருக்கும் பனிக் காற்சட்டை, சப்பாத்து, கையுறை, தொப்பி. கடைசி ஆளுக்குப் போட்டு முடிக்க முதல் ஆள் சிறுநீர் வருகிறது என்பான். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நாள் முழுக்க நிலத்தில் இருந்து எழும்புவதுதான் வேலை. நான் 66 வயது வரை செய்தேன், பிறகு முழங்கால் விடவில்லை.

உங்கள் முழங்கால் எப்படி? அதை எழுதவில்லையே.