அப்பா சேர்த்த டாலர் நாணயங்களை எடைக்குப் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். அமெரிக்க நாணயச்சாலை வெளியிட்ட நினைவு வெள்ளி டாலர்களை 1984 முதல் 1997 வரை அப்பா தபாலில் வரவழைத்துச் சேர்த்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. 40-க்கு மேல், பெட்டியோடு இருக்கின்றன. எல்லாவற்றையும் வெள்ளி எடைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். கொடுத்துவிடலாமா?

பதில்: பிரித்துப் பார்க்காமல் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை கடைசியில் எடைக்குத்தான் போகும். ஆனால் எடைக்குப் போகக் கூடாத சில நாணயங்கள் அப்பா வாங்கிய அதே ஆண்டுகளில்தான் வந்தன.

முதலில் அடிமட்ட விலை. அந்தக் கால வெள்ளி டாலர் ஒவ்வொன்றும் 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி 0.7734 ட்ராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி விலை சொல்லும் அவுன்ஸ்). அன்றைய அவுன்ஸ் விலையை இதால் பெருக்குங்கள். அவுன்ஸ் 50 டாலர் என்றால் ஒரு நாணயத்தில் 38.67 டாலர் வெள்ளி. இதற்குக் கீழே எவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்பதுதான் கடைக்காரரின் லாபம். பெட்டியில் கூடவே அரை டாலர் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். 1986 சுதந்திர தேவி சிலை அரை டாலர் போன்றவற்றில் வெள்ளியே கிடையாது.

அடிமட்டத்துக்கு மேல் விலை ஏற்றுவது வயதும் அல்ல, பெட்டியின் அழகும் அல்ல. எத்தனை அடித்தார்கள் என்பதுதான். 1986 சுதந்திர தேவி டாலரில் ப்ரூஃப் வகை (சேகரிப்பாளருக்காகப் பளபளப்பாகத் தனியே அடித்தது) மட்டும் 64 லட்சத்துக்கு மேல் விற்றது. வேண்டியவர்கள் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் எடை விலைதான்.

1996 கதையே வேறு. அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக 1995, 1996 இரண்டு ஆண்டுகளில் 16 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வகை, ஆக 32 நாணயங்கள் வந்தன. ஒவ்வொன்றின் விலையிலும் சட்டப்படி ஒரு நன்கொடைத் தொகை வேறு. சேகரிப்பாளர்கள் சலித்துப்போய் வாங்குவதை நிறுத்தினார்கள். அந்தச் சலிப்புதான் இன்றைய மதிப்பு. 1996 சக்கர நாற்காலி வீரர் டாலரின் அன்சர்குலேட்டட் வகை (ப்ரூஃபின் கண்ணாடிப் பளபளப்பு இல்லாத, புழக்கத்துக்குப் போகாத நாணயம்) விற்றது வெறும் 14,497 நாணயங்கள். உயரம் தாண்டுதல் 15,697, டென்னிஸ் 15,983, படகோட்டம் 16,258. வரிசையை முடிக்க நினைப்பவருக்கு இவை இல்லாமல் முடியாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இதே நான்கின் ப்ரூஃப் வகை பல மடங்கு அதிகமாக விற்றது, அதனால் அரிதல்ல. சக்கர நாற்காலி ப்ரூஃப் 84,280. லென்ஸ் வைத்து மிண்ட் மார்க் (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி) எழுத்தைப் பாருங்கள். இந்த நான்கிலும் D என்றால் அன்சர்குலேட்டட், P என்றால் ப்ரூஃப். ப்ரூஃபின் தரை கண்ணாடிபோல் முகம் காட்டும், உருவம் மட்டும் வெண்மையாக இருக்கும். 1997-இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் நினைவாக வந்த டாலர் (அன்சர்குலேட்டட் 30,180 நாணயங்கள்) இருந்தால் அதையும் ஒதுக்கி வையுங்கள். அதே ராபின்சன் வரிசையின் 5 டாலர் தங்க நாணயம், அதுவும் அன்சர்குலேட்டட், இருந்தால் பூட்டியே வையுங்கள். 5,174 மட்டுமே விற்றது.

தயவுசெய்து எதையும் துடைக்காதீர்கள். வெள்ளி விளக்கைப்போல் விபூதி போட்டுத் தேய்த்தால் மயிரிழைக் கீறல் விழும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் அதைக் கண்டுபிடித்து, தர எண் (உச்சம் 70) தராமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடும். பிறகு அரிய நாணயமும் அரிய விலைக்குப் போகாது. நாணயத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கேப்சூலைத் திறக்க வேண்டாம், விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் இருப்பவை பச்சைப் பிசுக்கு பிடிக்கும். அவற்றை உடனே மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் தரநிர்ணயத்துக்கு அனுப்பாதீர்கள். நாணயச்சாலையிலிருந்து நேராக வந்தவற்றுக்கு 69 கிடைப்பது சாதாரணம். கூடுதல் பணம் வருவது 70-க்குத்தான். சாதாரண நாணயத்துக்குக் கட்டணமும் தபால் செலவும் லாபத்தை விழுங்கிவிடும். ஒதுக்கி வைத்தவற்றை மட்டும் அனுப்பி, ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையை ஒப்பிடுங்கள். விற்பவர் கேட்கும் விலை கணக்கில் வராது.

வரியும் உண்டு. நாணயம் ‘கலெக்டிபிள்’ என்பதால் நீண்டகால லாபத்துக்கு மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம். ஆனால் வாரிசாக வந்தது என்பதால், அப்பா வாங்கிய விலைக்குப் பதில் அவர் மறைந்த நாளின் சந்தை மதிப்பே உங்கள் அடக்க விலை. அந்த நாள் வெள்ளி விலையையும் நாணயப் பட்டியலையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அதே கடைக்காரரிடம் கொண்டுபோய், சந்தை விலையில் எத்தனை சதவீதம் தருவார் என்று கேளுங்கள். இன்னும் இரண்டு கடைகளிலும் கேட்டுவிட்டு விற்கலாம்.