பின்னி மில்லும் லைசென்ஸும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். இப்போது 84 வயது. ‘லைசென்ஸ், பர்மிட் என்று கட்டிப்போட்டதால்தான் விடுதலைக்குப் பிறகு நம் தொழில் வளரவில்லை’ என்று கல்லூரியில் சொல்கிறார்கள். அது மட்டும்தான் காரணமா?

கார்த்திக், புளியந்தோப்பு

அன்புள்ள கார்த்திக்,

லைசென்ஸ் தொல்லை உண்மைதான். தொழில்களை ஒழுங்குபடுத்த 1951இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, பெரிய ஆலை தொடங்க, விரிவாக்க டெல்லியின் அனுமதி வேண்டியிருந்தது. ஆனால் அதற்கும் அடியில் இருந்த முடிச்சு அன்னியச் செலாவணி, அதாவது டாலர் போன்ற வெளிநாட்டுப் பணம். எந்திரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நம் ரூபாயை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956இல் தொடங்கியது, மறு வருடமே செலாவணிக் கையிருப்பு கரைந்துபோனது. இருக்கிற டாலரை யாருக்குக் கொடுப்பது? அந்தப் பங்கீட்டில்தான் லைசென்ஸின் பிடி இறுகியது.

வியாசர்பாடியில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். இரும்பைச் சீவும் வெளிநாட்டு டூல் பிட் ஒன்று கிடைத்தால் அதைச் சாணை பிடித்துப் பிடித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேயும்வரை ஓட்டுவார். 1966 ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அதற்கப்புறம் தேய்ந்த துண்டுகளையும் அவர் தூக்கிப் போடவில்லை. பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தார்.

அதே காலத்தில், பக்கத்திலேயே பெரம்பூரில் வேறு கதை நடந்தது. ரயில்பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்துத் தொழில்நுட்பம். முதலில் பெட்டியின் கூடு மட்டும்தான் செய்தார்கள். உள்ளே இருக்கை, விளக்கெல்லாம் பொருத்தும் பிரிவு 1962இல்தான் வந்தது. அவசரப்படாமல், கை பழகப் பழக அடுத்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

சரி, உங்கள் தாத்தாவின் மில்லுக்கு வருவோம். அது 1870களில் தொடங்கிய ஆலை. கைத்தறி நெசவாளர் பிழைக்க வேண்டும் என்று 1950களில் மில்களில் தறி கூட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சந்தையைப் பிடித்தது, மில்லுக்கு வெளியே சிறு கூடங்களில் ஓடிய விசைத்தறி. வளரவும் வழியில்லாமல், பழைய எந்திரத்தை மாற்றக் காசும் இல்லாமல் நாட்டின் பல மில்கள் நொடித்தன. பின்னி மில் 1996இல் மூடியது. சங்குச் சத்தத்தை வைத்துச் சோறு வடித்த வீடுகள் உங்கள் தெருவிலேயே எத்தனை இருந்திருக்கும்!

தாத்தாவிடம் ஒன்று கேளுங்கள். அவர் ஓட்டிய தறி எந்த வருடத்துத் தறி, கடைசிவரை அதே தறிதானா? அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.