காண்ட்ரேக்டர் வைத்த நெருப்புக்கு நிலச் சொந்தக்காரர் பொறுப்பா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்க்கும் வேலையை ஒரு காண்ட்ரேக்டரிடம் கொடுத்தேன். அவர் மரங்களைக் குவித்து எரித்துவிட்டார். பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு குழந்தைக்கு இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இப்போது சுற்றுச்சூழல் துறை என்னிடம் விளக்கம் கேட்கிறது. தீ வைத்தது நான் இல்லையே?

பதில்: ஐயா, சட்டம் முதலில் உங்களைத்தான் பார்க்கும். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 1997இல் நாடே புகைமூட்டத்தில் தவித்த பிறகு வந்த பிரிவு அது. நிலம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்து அங்கே எரிப்பு நடந்தால், நீங்களே குற்றம் செய்ததாக 29பி பிரிவு வைத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. தண்டனையும் லேசானதல்ல. 2024 திருத்தத்துக்குப் பிறகு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஆனால் தற்காப்புக்கு வழி உண்டு. எரிப்பு உங்களுக்குத் தெரியாமல், உங்கள் சம்மதம் இல்லாமல், உங்கள் கட்டுப்பாட்டை மீறி நடந்தது என்று நிரூபிக்கலாம். முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்றோ, தெரிந்ததும் முடிந்தவரை அணைக்கப் பார்த்தேன் என்றோ காட்டினாலும் நிற்கும். இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். காண்ட்ரேக்டரிடம் வாய்ப்பேச்சோடு வேலையை விட்டுவிடுவார்கள். "எரிக்கக் கூடாது" என்று ஒரு வரிகூட எழுத்தில் இருக்காது. உங்களிடம் அப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அது தங்கம், அழித்துவிடாதீர்கள். அன்று ஈப்போவில் வேலையில் இருந்ததற்கான பதிவு, தீ பற்றித் தெரிந்த நேரம், போம்பாவை (தீயணைப்புத் துறையை) அழைத்திருந்தால் அந்த அழைப்பு, காண்ட்ரேக்டருக்குப் பணம் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒரு போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

விவசாய எரிப்பில் சிலவற்றுக்கு விலக்கு உண்டுதான். அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டி ஆரோக்கியமற்ற நிலைக்குப் போனால் அந்த விலக்கையும் நிறுத்திவைக்கலாம். அதனால் "எல்லாரும் எரிக்கிறார்களே" என்று விளக்கக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

குழந்தையின் பெற்றோர் உங்கள் மீது தனியாக இழப்பீட்டு வழக்குப் போடலாம். அதற்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். போய்ப் பாருங்கள், நலம் விசாரியுங்கள். விடியற்காலையில் புகை மேலே போகாமல் லயத்துக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். அதைச் சுவாசித்த குழந்தை அது. பார்க்கப் போவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால் பொறுப்பு யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

மீதி மரங்களை எரிக்காமல் துண்டு போட்டு, மெல்லியதாகப் பரப்பி மக்கவிடச் சொல்லுங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றுகளைக் கெடுக்கும். இந்தத் தடவை அதை எழுத்தில் கொடுங்கள். சுற்றுச்சூழல் துறைக்கான பதிலையும் கடிதத்தில் உள்ள தேதிக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.