ரப்பர் பால்வெட்டில் பெருமைப்பட என்ன இருக்கு? – கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து: அண்ணாச்சி, டிகிரி முடிச்சிட்டு அப்பாகூட ரப்பர் வெட்டப் போறேன். தினமும் அதே 300 மரம், அதே வெட்டு. இதுல பெருமைப்பட என்ன இருக்கு?

தம்பி, அதே வெட்டுதானா என்று முதலில் அளந்து பாருங்க. மாசம் பிறந்ததும் பத்து மரத்தில் வெட்டுச்சாலுக்கு, அதாவது பால் வழியப் பட்டையில் சரிவாக வெட்டும் கோட்டுக்கு, ஒரு சாண் கீழே பெயிண்டால் புள்ளி வைங்க. சாலுக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் குறிச்சுக்கோங்க. 12 வெட்டு கழிச்சு 18 மில்லிமீட்டர் குறைஞ்சிருந்தா ஒரு வெட்டுக்கு 1.5 மில்லி பட்டை போகுது; நல்ல கை. 24 குறைஞ்சிருந்தா 2 மில்லி.

அரை மில்லிதானே என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு 140 வெட்டு என்றால் 1.5 மில்லிக்கு 21 சென்டிமீட்டர், 2 மில்லிக்கு 28. ஒட்டுமரத்தில் 125 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டத் தொடங்கினால், கீழே வரை வர 1.5 மில்லி வெட்டும் முதல் கைக்கு ஆறு வருஷம் ஆகும். இரண்டாவது கைக்கு நாலரைகூட ஆகாது. யார் வெட்டினாங்க என்று மரத்தைப் பார்த்தே சொல்லலாம்.

அருமனையிலிருந்து: அண்ணாச்சி, நான் புதுசா வெட்டப் பழகுறேன். காயம் படாம ஆழமா வெட்டுறது எப்படி?

பால்குழல் அதிகம் இருப்பது தடிக்கு, அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் மரக்கட்டைக்கு, ஒட்டிய இளம்பட்டையில்தான். அதனால் மேலோட்டமாக வெட்டினால் பால் குறைவாகத்தான் வரும். தடிக்கு மேலே ஒரு மில்லி பட்டை மிஞ்சணும். தடி வெள்ளையாகத் தெரிந்தால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் கத்தி ஓடாது. பல காயங்கள் மொண்ணைக் கத்தியால் வருபவை. கூர் போனால் கை தானாக அழுத்தும், ஆழம் தப்பும். வேலைக்குப் போகுமுன் கல்லில் தீட்டிடுங்க. சாலின் இடது முனை மேலே, வலது முனை கீழே, 30 பாகை சரிவு. பால்குழல்கள் வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழல் அறுபடும்.

களியலிலிருந்து: இருட்டோட போகணுமா?

ஆமா. வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய்க் குழலில் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும்.

தடிக்காரன்கோணத்திலிருந்து: மரம் நம்மளது இல்ல. முதலாளி தோட்டத்துப் பக்கமே வர்றதில்ல. யாருக்காக ஒழுங்கா செய்யணும்?

பாலை ஆசிட் விட்டு உறைய வைத்துச் செய்யும் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுப் பாருங்க, பதில் அதில் இருக்கு. குமிழி தெரிந்தால் ஆசிட் கலந்தபின் நுரையை வழிக்கவில்லை. கரும்புள்ளி தெரிந்தால் 40, 60 கண் சல்லடைகளில் அடுத்தடுத்து வடிகட்டவில்லை, அல்லது பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைக்கவில்லை. தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு ஷீட் வந்தால் முதலாளி பார்க்காட்டியும் தரம் பிரிக்கிறவர் கண்ணுக்குத் தப்பாது. அதற்காகக் குறைந்த கூலிக்கு இணங்கச் சொல்லவில்லை. பட்டை அளவை நோட்டில் எழுதி வைங்க, கூலி பேசும்போது எடுத்துக் காட்டுங்க.

பேச்சிப்பாறையிலிருந்து: நம்ம குமரி ஜில்லாவுல ரெண்டு பருவமும் மழை. போன நாளை ஈடுகட்ட தினமும் வெட்டலாமா?

வேண்டாம். வெட்டிய பட்டைக்குப் பால் ஊற நாள் வேணும். தினமும் வெட்டினால் முதலில் பால் நீர்த்து நெடுநேரம் சொட்டும், பிறகு சாலில் அங்கங்கே காயும். அப்படிக் கண்டால் அந்த மரத்தைச் சில மாசம் விட்டுடுங்க. நாளை மீட்க வேண்டுமானால் மழைக்கு முன்பே சாலுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டுங்க; அதை மரத்தோடு ஒட்டும் தாரை (கீலை) இடைவெளி இல்லாமல் பூசணும், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தண்ணி சாலில் இறங்கி, பால் சிரட்டைக்குப் போகாமல் வழிஞ்சிடும்.