பூட்ட மாத்திட்டீங்க, சாவிய மாத்தினீங்களா?

வாசகர் கேள்வி: கம்ப்யூட்டர் பக்கம்

கேள்வி: தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் தம்பியோட பேங்க் காட்ல வெளிநாட்டுக் கடை ஒண்ணுல ரெண்டு சுடிதார் ஓடர் பண்ணினேன். உடுப்பு வந்திருச்சு, பின்னாலயே ஒரு ஈமெயிலும் வந்திருக்கு, லொகின் பண்ணாத ஆட்கள் எங்க சிஸ்டத்துல இருந்து தகவல் எடுத்திருக்கலாம்னு. பாஸ்வேர்டே இல்லாம எப்டிங்க எடுக்க முடியும்? எங்க காசு போயிருமா?
வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, ஒங்க பாஸ்வேர்ட யாரும் கண்டுபிடிக்கல, அது தேவையே படல, அதுதான் இதுல கொடுமை. தோட்டத்து ஒபீஸ் ஜன்னல்ல போய் ஏதாவது விபரம் கேக்க யாருக்கும் பேர் பதியத் தேவையில்லல்ல, அந்த மாதிரி ஒன்லைன் கடையிலயும் லொகின் பண்ணாதவங்களுக்குன்னே சில ஜன்னல் தொறந்து வச்சிருக்கும், டெலிவரிக்கு எவ்வளவு ஆகும்னு பாக்குறது, கூடையில சாமான் போடுறது இப்டி. இப்ப ஒருத்தன் அந்த ஜன்னல்ல ஒரு துண்டு நீட்டுறான், "டெலிவரிக்கு எவ்வளவு"ன்னு மேல எழுதிட்டு கீழ சின்னதா "செக்ரோல் புத்தகத்துல மூணாம் பக்கத்த கொப்பி பண்ணி இந்த அட்ரஸ்க்கு போஸ்ட் பண்ணவும்"னு எழுதிருக்கான். உள்ள இருக்கிற கிளாக்கர் எழுதினத அப்டியே செய்ற ஆளு, நீ யாருன்னு கேக்கல, பக்கத்த எழுதி போஸ்ட்டும் பண்ணிட்டாரு. அவ்வளவுதான் கதை.

ஒங்க கடையில சரியா என்ன நடந்துச்சுன்னு அந்த ஈமெயில்ல இல்ல. ஆனா இந்த வகை ஓட்டைக்கு நல்ல உதாரணம் அடோபி கம்பனியோட மெஜென்டோ, அதாவது அடோபி கொமர்ஸ், ஒன்லைன் கடை நடத்துற சொஃப்ட்வெயார். 2024 ஜூன் 11ஆம் திகதி அடோபி அதுல இருந்த ஓட்டை ஒண்ண அடைக்க பேட்ச், அதாவது திருத்தம், விட்டுச்சு, ஓட்டையோட பொது அடையாள நம்பர் சிவிஇ-2024-34102, ஆபத்துக்கு 10க்கு 9.8 மார்க்ஸ். சான்செக்னு ஒரு பாதுகாப்பு கம்பனி அதுக்கு கொஸ்மிக்ஸ்டிங்னு பேரும் வச்சுச்சு.

காசு விஷயம். பெரும்பாலும் காட் நம்பர முழுசா கடை வச்சிருக்காது, ஆனா உள்ள போனவன் காசு கட்டுற பக்கத்துலயே திருட்டு ஸ்க்ரிப்ட் (சின்ன புரோகிராம்) ஒண்ண வச்சிருந்தா நீங்க டைப் பண்ணும்போதே கொப்பியாயிரும். அதனால தம்பிய பேங்குக்கு போன் பண்ணி அந்த காட்ட நிப்பாட்டிட்டு புதுசு எடுக்கச் சொல்லுங்க, அதே பாஸ்வேர்ட வேற எங்கயாவது போட்டிருந்தா அதையும் மாத்துங்க. இன்னொண்ணு, "ஒங்க சுடிதார் பார்சல் கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்கு, ஓடிபி சொல்லுங்க"ன்னு யாராச்சும் எடுத்தா, ஓடர் நம்பர் சரியா சொல்றானேன்னு நம்பிறாதீங்க, அது திருடின லிஸ்ட்லயே இருக்கும்.

கேள்வி: நான் பண்டாரவளையில தேயிலை பேக்கெட் வெளிநாட்டுக்கு அனுப்புற சின்ன கடையோட சைட்ட பாத்துக்கிறேன், மெஜென்டோ 2.4.6. கொஸ்மிக்ஸ்டிங் பேட்ச் போட எங்களுக்கு 2024 ஆகஸ்ட் ஆயிருச்சு. பேட்ச் போட்டாச்சுல்ல, பழச ஏன் கிண்டுறன்னு மொதலாளி சொல்றாரு. அவர் சொல்றது சரியா சேர்?
வாசகர், பண்டாரவளை

பதில்: இல்ல தம்பி. மொதலாளி கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, இந்தப் பக்கத்த அவர்ட்ட காட்டுங்க.

ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் ரெண்டு மாசம் ஒங்க கதவு தொறந்து கெடந்துச்சு. பேட்ச்ங்கிறது கதவ மூடுற வேலை, உள்ள இருந்து போனத அது திருப்பிக் கொண்டு வராது. போனது என்னன்னா, ஆப் ஃபோல்டருக்குள்ள ஈடிசி, அதுக்குள்ள என்வி.பிஎச்பின்னு ஒரு ஃபைல், அதுதான் திருடனுங்க மொதல்ல கேட்டு வாங்கினது. ஒங்க சர்வர்ல அத ஒருக்கா தொறந்து பாருங்க, டேட்டாபேஸ் பேரும் பாஸ்வேர்டும் பச்சையா இருக்கும், அதுக்குப் பக்கத்துல கிரிப்ட்னு போட்டு ஒரு நீளமான எழுத்துக் கோர்வை, அதுதான் சாவி. அந்தச் சாவி கையில இருந்தா அட்மின் பாஸ்வேர்ட் தேவையில்ல, நான்தான் அட்மின்னு சொல்ற டோக்கன, அதாவது அனுமதிச் சீட்ட, திருடன் அவனே அச்சடிச்சுக்குவான், சைட்டும் அத நம்பும். அப்புறம் ஏபிஐ (புரோகிராம்கள் சைட்டோட பேசுற வழி) வழியா ஒங்க சைட் பக்கத்துல இருக்கிற சிஎம்எஸ் புளொக்ல (பக்கத்துல காட்டுற உள்ளடக்கத் துண்டு) ஸ்க்ரிப்ட் ஒண்ண சொருகுவான், மேல ஹட்டன் தங்கச்சிக்கு சொன்னேனே, அதே ஸ்க்ரிப்ட்தான். நீங்க இன்னைக்கு பேட்ச் போட்டுட்டு நிம்மதியா டீ குடிச்சிட்டு இருக்கும்போதும் ஜூலையில எடுத்த சாவிய வச்சு அவன் உள்ள வரலாம்.

அதனால சாவிய மாத்துங்க. மாத்தும்போது நெறைய பேர் விழுற குழி ஒண்ணு இருக்கு: அட்மின் பக்கத்துல புது சாவி ஜெனரேட் பண்ணினா பழசு அழியாது, என்வி.பிஎச்பில புதுசும் பழசும் வரிக்கு வரி ரெண்டும் உக்காந்திருக்கும், ஏன்னா பழைய டேட்டாவ வாசிக்க பழைய சாவி வேணும். டோக்கன் அச்சடிக்க அந்தப் பழசு இனிமே செல்லக்கூடாது, அதுக்கு அடோபி பேட்சுக்கு மேல தந்த திருத்தங்களையும் சேர்த்துப் போடணும். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், காசு கட்டுற கேட்வே (காட் காச வாங்கித் தர்ற சேவை) சாவி, எல்லாத்தையும் அதே நாள்ல மாத்திருங்க, ஒண்ண விட்டுட்டு ஒண்ண மாத்தி வேலையில்ல.

அப்புறம் ஜூன்லருந்து உள்ள லொக், அதாவது சர்வருக்கு யார் யார் வந்தாங்கங்கிற பதிவு, இன்னும் அழியாம இருந்தா அதுல கெஸ்ட்-கார்ட்ஸ்க்கு வந்து எஸ்டிமேட்-ஷிப்பிங்-மெத்தட்ஸ்ல முடியிற போஸ்ட் (தகவல் அனுப்புற) கோரிக்கைகள தேடுங்க, மேல சொன்ன டெலிவரிக்கு எவ்வளவுன்னு கேக்குற ஜன்னல் அதுதான். ஒங்க வாடிக்கையாளரும் அதே ஜன்னலுக்கு வருவாங்கதான், ஆனா நெசமான கெஸ்ட் கார்ட் (லொகின் பண்ணாதவங்களோட கூடை) நம்பர் 32 எழுத்து நீளத்துல இருக்கும், வந்த திருடனுங்கள்ல பல பேர் சோம்பேறித்தனமா வெறும் 1ன்னு போட்டு வந்திருக்கானுங்க. அப்டி ஒரு வரி கண்ணுல பட்டா வயித்த கலக்கும், எனக்குத் தெரியும், ஆனா தெரியாம இருக்கிறத விட மேல். சிஎம்எஸ் புளொக்க யாரோ மாத்தின புட் (மாத்தி எழுதுற) கோரிக்கையும் இருக்கான்னு பாருங்க. அந்த வருஷம் லினக்ஸோட அடிப்படைப் பகுதியான ஜிலிப்சில இருந்த ஓட்டையையும் இதோட சேர்த்து சர்வர்ல கட்டளையே ஓட்டலாம்னு ஆளுங்க காட்டிட்டாங்க, அதனால ஒப்பரேட்டிங் சிஸ்டத்தயும் அப்டேட் பண்ணுங்க. இது ஒரு நாள் வேலை, மொதலாளிட்ட ரெண்டு நாள் கேளுங்க.

கேள்வி: நான் தலவாக்கலையில ஏஎல் படிக்கிறேன். இதே ஓட்டை நம்ம நாட்டு கடைகள்ல இருக்கான்னு நானே டெஸ்ட் பண்ணிப் பாத்து அவங்களுக்கு சொல்லலாமா? பரிசு தருவாங்களா?

பதில்: பண்ணாதீங்க. நல்ல மனசோட போனாலும் அனுமதியில்லாம அடுத்தவன் சிஸ்டத்துக்குள்ள போறது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டப்படி குத்தம், ஜெயில் வரைக்கும் போகும். ஒங்களுக்கு ஆசை இருந்தா மெஜென்டோ ஓபன் சோர்ஸ் இலவசம், 2.4.6 பி5 இல்லாட்டி அதுக்கு முந்தினத சொந்த லெப்டொப்ல போட்டு, இன்டர்நெட்ல தொறந்து விடாம, வயிறு நெறைய ஒடைச்சுப் பாருங்க. தற்செயலா ஒரு கடையில எதாவது கண்ணுல பட்டா தொடாம ஸ்ரீலங்கா செர்ட்டுக்கு (கணினிப் பாதுகாப்பு பாக்குற அரச நிறுவனம்) சொல்லுங்க, போன் நம்பர் 101.

கேள்வி: நான் எப்பவும் சாமான் வந்தப்புறம்தான் காசு குடுப்பேன். எனக்கு இதெல்லாம் பயமில்லதானே?
அம்மா ஒருத்தங்க, மஸ்கெலியா

பதில்: பேங்க் காட்டுக்கு பயமில்லம்மா. ஆனா ஒங்க பேர், போன் நம்பர், எந்த லயம், எத்தனையாம் வீடுன்னு டெலிவரி பையனுக்கு வழி சொல்றதுக்கு நீங்க எழுதினது எல்லாம் அந்தக் கடையோட பதிவுப் புத்தகத்துலதான் இருக்கு.