காலால அமத்துற கீ: வாசகர் கேள்வி, எங்கட பதில்

கேள்வி: அண்ணா, எங்கட அம்மா திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட டைப்செட்டிங், போட்டோகொப்பி கடை வச்சிருக்கிறா. திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்ட் எண்டு வந்தா கொப்பி, பேஸ்ட், பிரின்ட் எண்டு நாள் முழுக்க கொன்ட்ரோல் கீயை அமத்தி இடது கை சுண்டுவிரல் வீங்கிப் போச்சு. பழைய தையல் மெசின் பெடல் ஒண்டு வீட்டில கிடக்கு, அதை யூஎஸ்பில குத்தி காலால பிரின்ட் குடுக்க ஏலுமா எண்டு நினைச்சு ஆர்டுயினோ ஊனோ எண்ட சின்ன சர்க்கிட் போட் ஒண்டும் வாங்கிட்டன். கோட் (போட்டுக்கு எழுதுற கட்டளை) போட்டா 'கீபோர்ட்' எண்டு ஒண்டே இல்லை எண்டு எரர் காட்டுது. போட் பழுதா?
(தங்கச்சி ஒருத்தி, திருகோணமலை)

பதில்: போட் பழுதில்ல தங்கச்சி, ஆள்தான் மாறிப்போச்சு. ஊனோ ஆர்3 இல ரெண்டு சிப் இருக்கு. நீங்க கோட் ஏத்துறது ஏடிமெகா328பி எண்ட பெரிய சிப்புக்கு, அதுக்கு யூஎஸ்பி பாஷையே தெரியாது. பக்கத்தில இருக்கிற சின்ன சிப்தான் (ஒரிஜினல்ல 16யூ2, மலிவுக் கொப்பியில சிஎச்340) கொம்பியூட்டரோட கதைக்கிற மொழிபெயர்ப்பாளர், அவரும் கொம்பியூட்டருக்குத் தன்னை 'நான் ஒரு சீரியல் போர்ட்' (டேட்டா போற வாற வெறும் வழி) எண்டுதான் சொல்லுவார், கீபோர்ட் எண்டு சொல்லமாட்டார். உங்களுக்கு வேணும் எண்டது யூஎஸ்பி தானாக் கதைக்கிற சிப். ஏடிமெகா32யூ4 இருக்கிற லியனார்டோ இல்லாட்டி ப்ரோ மைக்ரோ போட் வாங்குங்க, அதே கோட் அப்பிடியே ஓடும். 2021 இல வந்த ராஸ்பெரி பை பைக்கோவும் நல்லம். ஊனோவை வீசாதேங்கோ, வேற வேலைக்கு உதவும்.

இனி பெடல் விசயம், இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்க. தையல் மெசின் பெடல் எண்டது 230 வோல்ட் மெயின்ஸில நிண்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமான், அதுக்குள்ள வெறும் ஓன்-ஓஃப் சுவிட்ச் இருக்கும் எண்டு நினைக்காதேங்கோ. அந்த வயர், பிளக் எல்லாத்தையும் முழுசாக் கழட்டி எறிஞ்சிட்டு கூட்டையும் ஸ்பிரிங்கையும் மட்டும் வச்சுக்கொள்ளுங்க. உள்ளுக்கு ஒரு மைக்ரோசுவிட்ச் (அமத்தினா கிளிக் எண்டுற சின்ன சுவிட்ச்) பூட்டினாக் காணும், பழுதான மவுஸைக் கழட்டினாலே ஒண்டு வரும். சுவிட்ச்சின்ட ஒரு கால் போட்டில ரெண்டாம் பின்னுக்கு, மற்றக் கால் கிரவுண்டுக்கு. கோட்டில பின்னை 'இன்புட் புல்அப்' (அமத்தாத நேரம் போட் தானே பின்னை ஹையில பிடிச்சிருக்கும்) எண்டு வச்சா வெளியால ரெசிஸ்டர் ஒண்டும் தேவையில்ல, அமத்தேக்க பின் லோ ஆகும், விட்டா ஹை.

அமத்தினவுடன என்ன நடக்குது எண்டது தெரிஞ்சா பிழை பிடிக்கிறது லேசு. கீபோர்ட் தானா ஒண்டையும் அனுப்பாது, கொம்பியூட்டர்தான் சில மில்லிசெக்கனுக்கு ஒருக்கா 'ஏதும் இருக்கா, ஏதும் இருக்கா' எண்டு சைக்கிள்ல வாற மீன்காரர் மாதிரிக் கேட்டுக்கொண்டே இருக்கும். இருந்தா நாங்க எட்டு பைட், அதாவது எட்டு நம்பர், குடுக்கிறம். முதலாவது பைட் கொன்ட்ரோல், சிஃப்ட் மாதிரிக் கீகளுக்கு, ரெண்டாவது சும்மா, மிச்ச ஆறும் ஒரே நேரத்தில அமத்தின ஆறு கீக்கு. 'ஏ' கீக்கு நம்பர் 4, அங்கயிருந்து எண்ணிக்கொண்டு போனா 'பி' 19. அப்ப கொன்ட்ரோல்-பி எண்டா 1, 0, 19, பிறகு அஞ்சு பூச்சியம். காலை எடுத்த உடன எட்டுப் பூச்சியம் அனுப்பவேணும், கோட்டில அது 'ரிலீஸ் ஓல்'.

இந்த ரிலீஸ் வரியை நான் ஒருக்கா மறந்துபோனன். என்டர் கீக்கு ஒரு பெடல் செஞ்சிட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிட்டு வந்து பாக்கிறன், கொம்பியூட்டர் விரல் இன்னும் கீயில இருக்கு எண்டு நம்பி பக்கம் பக்கமா வெறும் வரி இறக்கிக்கொண்டு நிக்குது. அதை பிரின்ட் குடுத்திருந்தா திருகோணமலைக் கோட்டையில நிக்கிற மானெல்லாம் சேந்து திண்டாலும் அந்தப் பேப்பர் முடிஞ்சிருக்காது.

இன்னொண்டு, சுவிட்ச் தகடு ஒருக்காத் தொட்டா ஒருக்கா மட்டும் தொடாது, சில மில்லிசெக்கனுக்குத் துள்ளும், ஒரு மிதிக்கு மூண்டு தரம் பிரின்ட் விண்டோ வாறது அதாலதான். மாற்றம் தெரிஞ்சாப் பிறகு 20 மில்லிசெக்கன் பொறுத்துத் திரும்பப் பாத்து, அப்பவும் லோ எண்டா மட்டும் அனுப்புங்க. கோட் பிழைச்சு போட் தானா டைப் பண்ணத் தொடங்கிச்சுது எண்டா பயப்பிட வேண்டாம், ப்ரோ மைக்ரோவில ரீசெட் பின்னை கிரவுண்டோட டக்டக்கெண்டு ரெண்டு தரம் தொட்டா கொஞ்ச செக்கன் சும்மா நிக்கும், அந்த இடைவெளிக்குள்ள புதுக் கோட்டை ஏத்துங்க. பைக்கோ எண்டா பூட்செல் பட்டனை அமத்திக்கொண்டு குத்தினாச் சரி. எல்லாத்துக்கும் முதல் கேபிளைப் பாருங்க. போன் சார்ஜ் பண்ண மட்டும் வாற கேபிள்ல டேட்டா வயரே இருக்காது, லைட் எரியும், கொம்பியூட்டருக்கு ஒண்டும் தெரியாது. என்ட அரைநாள் ஒண்டு அப்பிடித்தான் போச்சு.

கேள்வி: ப்ரோ மைக்ரோவில ஒரு பட்டன் அமத்தினா 'அம்மா' எண்டு வரவேணும் எண்டு தமிழ்லயே கோட்டில எழுதினன், ஏதோ குப்பை வருது. தமிழுக்கு வேற லைப்ரரி இருக்கா?
(ஒரு மாணவர், கிண்ணியா)

பதில்: தம்பி, யூஎஸ்பி கீபோர்ட்டுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, எந்த இடத்துக் கீ அமந்தது எண்ட நம்பர் மட்டும்தான் தெரியும். அது என்ன எழுத்து எண்டு முடிவெடுக்கிறது கொம்பியூட்டர்ல நீங்க தெரிவு செஞ்சிருக்கிற லேஅவுட், அதாவது எந்தக் கீக்கு எந்த எழுத்து எண்ட அமைப்பு. பாமினி பொன்ட்டில (இங்கிலீஸ் எழுத்துகளைத் தமிழ் எழுத்தாக் காட்டுற பழைய பொன்ட்) அடிச்சுப் பழகின ஆக்களுக்கு இது உடன விளங்கும், அங்க எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு அடிச்சாத்தான் அம்மா வருவா, பொன்ட்டை மாத்தினா அம்மா போயிடுவா, அந்த அஞ்சும் மட்டும் மிஞ்சும். தமிழ்99 எண்ட தமிழ் லேஅவுட்டில எண்டா ஏ, கே, கே, கியூ, புள்ளியை அது தானாப் போட்டுக்கொள்ளும். ரெண்டிலயும் 'ம' கே கீயில இருக்கிறது ஒரு வடிவான விசயம். ஆகவே எந்த லேஅவுட் எண்டு முதல் முடிவெடுத்திட்டு, அந்தக் கீகளின்ட வரிசையை அனுப்புங்க. வேற கொம்பியூட்டர்ல குத்தினா வேற மாதிரி வரும், அதுக்கு உங்கட போட் பொறுப்பில்ல.

கேள்வி: கூட்டாளியின்ட லெப்டொப்பில குத்தின உடன தானா டைப் பண்ணி ஒரு வேலை பாக்கிற ஸ்டிக் செய்ய ஏலுமா? சும்மா பகிடிக்கு.
(பேர் போடவேண்டாமாம்)

பதில்: ஏலும், அதாலதான் சொல்லித்தர மாட்டன். கீபோர்ட் எண்டு சொன்னா கொம்பியூட்டர் ஆரையும் நம்பிரும். ரோட்டில கிடந்து எடுக்கிற பென்டிரைவைக் குத்தாதேங்கோ எண்டு சொல்றதும் இதுக்குத்தான்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு. விளையாட்டுக்கு நான் செஞ்ச பட்டன் பெட்டி ரெண்டு மாசத்தில ஒழுங்கா வேலை செய்யுதில்ல, திறந்து பாத்தா காலெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு.
(உப்புவெளி வாசகர்)

பதில்: உப்புக்காத்து செப்பைத் திண்ட பச்சை அது. பழைய டூத்பிரஷ்ல ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க, சோல்டர் மூட்டுகள் நல்லா இருந்தா திரும்ப உயிர் வரும். புதுசாச் செய்றதெண்டா சோல்டர் பண்ணேக்க மிஞ்சுற பிளக்ஸை (சோல்டர் ஒட்ட உதவுற பசையை) கழுவி எடுத்திட்டு மூட்டுக்கு மேல வார்னிஷ் இல்லாட்டி சர்க்கிட் கோட்டிங் ஒரு பூச்சு பூசுங்க, யூஎஸ்பி வாயில மட்டும் படவிடாதேங்கோ. பட்டனுக்குப் பதிலா ரீட் சுவிட்ச் போட்டுப் பாருங்க, ரெண்டு தகடும் அடைச்ச கண்ணாடிக் குழாய்க்குள்ள இருக்கும், வெளியால ஒரு சின்னக் காந்தம் கிட்ட வந்தா உள்ளுக்கு ஒட்டும், காத்துக்கு உள்ள போக வழியே இல்ல. அதின்ட காலை வளைக்கேக்க மட்டும் கண்ணாடியோட ஒட்டி வளைக்காதேங்கோ, வெடிச்சுப்போகும், கொஞ்சம் தள்ளி குறட்டால பிடிச்சிட்டு வளையுங்க. மேல கேட்ட தங்கச்சியும் பெடலுக்குள்ள மைக்ரோசுவிட்ச்சுக்குப் பதிலா இதையே பூட்டலாம், வயரிங் ஒண்டும் மாறாது.