வீட்டில் எந்த மொழி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று துணிந்தேன். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் பேரங்காடியில் கல்லாவில் வேலை செய்கிறேன். மகனுக்கு நான்கு வயது. ஒன்றரை வயதில் கிளினிக்கில் நிரப்பிய கேள்வித்தாளில்தான் முதலில் சந்தேகம் வந்தது. பிறகு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து சொல் பேசுவான், எல்லாம் தமிழ். பகல் முழுக்க என் மாமியாரிடம் இருக்கிறான். அவர் அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தமிழைத் தவிர, கடைக்குப் போனால் பேசும் மலாய்தான் தெரியும்.

ஈப்போவுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம். "இரண்டு மூன்று மொழி காதில் விழுந்தால் பையன் குழம்பிவிடுவான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று அங்கே சொன்னார்கள். அறிவுத்திறன் சோதனை செய்து, மிகக் குறைவு என்றும் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மாமியார் பிள்ளையிடம் வாயே திறப்பதில்லை. "நான் பேசினா அவனுக்குக் கெடுதலாமே" என்கிறார். தமிழை விட்டுவிடத்தான் வேண்டுமா? ஆராய்ச்சிகளில் என்ன சொல்கிறார்கள்? ஒன்றாம் ஆண்டுக்குத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

ச., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

விட வேண்டாம். முதலில் உங்கள் மாமியாரைப் பேசச் சொல்லுங்கள், இன்று சாயங்காலமே. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மருத்துவன் அல்ல. சிறப்புக் கல்வி வகுப்பில் பாடம் எடுத்தவன், அதற்காகக் கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான். ஈப்போவுக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. பயிற்சி தொடரட்டும். அவர்கள் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு ஒரு மொழியே சுமை, அதற்கு மேல் இன்னொன்றா என்று கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது ஊகம். 2012-இல் மொன்ட்ரியலில் ஹேம்பிளியும் ஃபொம்போனும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மொழி கேட்டதால் பேச்சு கூடுதலாகத் தாமதப்படவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் கே-ரெய்னிங் பேர்டு குழுவினர் 2005-இல் செய்த சிறிய ஆய்விலும் இதே மாதிரிதான் வந்தது. இருமொழிப் பிள்ளைகளின் ஆங்கிலம், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குக் குறைந்ததாக இல்லை.

இரண்டு மொழி தெரிந்த ஆட்டிசப் பிள்ளைகள் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குச் சுலபமாக மாறுகிறார்கள் என்றும் ஓர் ஆய்வு உண்டு. படங்களை முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள், திடீரென்று இனி உருவத்தை வைத்துப் பிரி என்பார்கள். அதில் இருமொழிப் பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள். ஆனால் கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர், வீட்டு நடப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. "தமிழ் பேசினால் மூளை வளரும்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது இதை அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். கெடுதல் இல்லை என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. நமக்கு அது போதும்.

ஆங்கிலம் மட்டும் என்று போன வீடுகளில் என்ன நடந்தது என்பதையும் ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய குடும்பங்களைப் பற்றித் தமாரா கிரெமர்-சட்லிக் 2005-இல் எழுதினார். அந்தப் பெற்றோருக்கும் இதே புத்திமதிதான் கிடைத்தது, அவர்களும் கேட்டு நடந்தார்கள். ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவும் அப்பாவும் பிள்ளையிடம் பேசும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். தங்களுக்குள் தாய்மொழியிலேயே பேசிக்கொண்டார்கள், வேறெப்படி முடியும்? சாப்பாட்டு மேசையில் கதை, கிண்டல், சண்டை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைக்கு அதில் பங்கு இருக்காது. பிறரோடு சேர்ந்து பேசுவதே கஷ்டமாக இருக்கும் பிள்ளை அது. அதை வீட்டுப் பேச்சுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உங்கள் மாமியார் வாயை மூடிக்கொண்டார் என்று படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இனி மாமியார் விஷயம். இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அதே லாஸ் ஏஞ்சலிஸில் மைக்கேல் சில்லரும் மரியன் சிக்மனும், அம்மாக்கள் ஆட்டிசம் உள்ள தங்கள் பிள்ளைகளோடு விளையாடுவதைப் படம் பிடித்து நுணுக்கமாகப் பார்த்தார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது, அந்த நேரத்தில் அம்மா எதைப் பற்றிப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். பிள்ளையின் கவனம் ஏற்கெனவே எதில் இருக்கிறதோ அதைப் பற்றியே அதிகம் பேசிய அம்மாக்களின் பிள்ளைகள் மொழியில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 1 வருடம், 10 வருடம், 16 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு தெரிந்தது. 2002-இல் இது வெளிவந்தது. நன்றாக வளரும் பிள்ளை என்பதால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதனால்தான் பிறகு பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தும் சோதித்தார்கள். தொடக்கத்தில் மிகக் குறைவாகப் பேசிய பிள்ளைகளிடம் பேச்சில் பலன் தெரிந்தது.

இதை உங்கள் வீட்டு ஹாலில் வைத்துப் பாருங்கள். பையன் மல்லாந்து படுத்துக் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். "காத்தாடி சுத்துதா? கிறுகிறுன்னு சுத்துது. பாட்டிக்குத் தலை சுத்துதுடா. நிறுத்திடலாமா? ஆ... நின்னுபோச்சு. மறுபடியும் போடவா?" இத்தனையும் அரை நிமிடத்துக்குள். அவன் கண் காத்தாடியை விட்டு நகரும் முன்பே பேச்சு அங்கே போய்விட்டது. சுத்துது, நின்னுபோச்சு, மறுபடியும் என்று மூன்று சொற்கள், ஒவ்வொன்றும் நடக்கும்போதே. இப்போது இதையே ஆங்கிலத்தில் செய்யுங்கள் என்று நமக்குச் சொன்னால்? "ஃபேன்" என்போம். "லுக், ஃபேன்." அப்புறம் அடுத்த சொல்லுக்கு மண்டைக்குள் தேடுவோம். தேடி முடிப்பதற்குள் அவன் பார்வை ஜன்னலுக்குப் போயிருக்கும்.

எந்த மொழியில் உங்களால் அவன் கண்ணுக்கு ஈடு கொடுத்துப் பேச முடிகிறதோ, அதுதான் வீட்டு மொழி. உங்கள் வீட்டில் அது தமிழ். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த வீடு என்றால் ஆங்கிலம் என்று சொல்லியிருப்பேன்.

மாமியாரிடம் ஒன்றிரண்டு மட்டும் சொல்லிவையுங்கள். "இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். நம் வீடுகளில் பிள்ளை பேச ஆரம்பித்தால் விருந்தாளி முன் நிறுத்தி "மாமாவுக்குச் சொல்லு" என்போமே, அதுவும் வேண்டாம். அவன் பார்ப்பதைச் சொல்லி, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அவன் மூடிகளை வரிசையாக அடுக்கினால் தட்டிவிட்டு வேறு பொம்மையைக் கையில் திணிக்காமல், அடுத்த மூடியை எடுத்து நீட்டட்டும். பயிற்சிக்காரர் தரும் சொற்பட்டியலை நீங்கள் தமிழில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் ஒரு முறை அவரையும் ஈப்போவுக்கு அழைத்துப் போய் அறைக்குள் உட்கார வையுங்கள். பகல் முழுக்கப் பையனோடு இருப்பவர் அவர்தானே.

அறிக்கைக்கு வருகிறேன். எந்தச் சோதனை, எந்த மொழியில் வைத்தார்கள், பாட்டியின் தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு விளக்கத்தை யார் சொன்னார்கள் என்று கேட்டீர்களா? கேளுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

மொன்ட்ரியலிலேயே மிஷெல் டாசன் என்று ஓர் ஆய்வாளர் இருக்கிறார். அவருக்கே ஆட்டிசம் உண்டு, முன்பு தபால் வேலை பார்த்தவர். அவரும் லோரன் மொட்ரான் முதலியவர்களும் 2007-இல் 38 ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இரண்டு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். ஒன்று வெக்ஸ்லர். அதில் பல பகுதிகளுக்குக் கேட்டுப் புரிந்துகொண்டு வாயால் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று ரேவன். கோலம்போல ஒரு படம், அதில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், எது பொருந்தும் என்று பார்த்துத் தொட்டால் போதும். வெக்ஸ்லரில் அந்தப் பிள்ளைகளின் சராசரி, நூறு பிள்ளைகளைக் கடைசியிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 26-ஆவது இடம். ரேவனில் அதே பிள்ளைகள் 56-ஆவது இடம், அதாவது நடுவுக்குச் சற்று மேலே. மற்றப் பிள்ளைகளிடம் இரண்டு சோதனைக்கும் இவ்வளவு இடைவெளி இல்லை.

உங்கள் மகன் ரேவனில் உயரத்துக்குப் போய்விடுவான் என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசத்தோடு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், என் வகுப்பிலும் இருந்தார்கள். ஆனால் நான்கு வயதில், பழக்கமில்லாத அறையில், பழக்கமில்லாத மொழியில் எடுத்த மதிப்பெண்ணை அவன் தலையெழுத்தாக நினைக்காதீர்கள். பேச்சு தேவைப்படாத சோதனையைப் பின்னால் ஒரு முறை வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அறிக்கையைக் கிழித்துப்போட வேண்டாம், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அது தேவைப்படும். அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் சமூகநல இலாகாவில் இந்த மாதமே செய்துவிடுங்கள். அட்டை எடுத்தால் பையன்மேல் முத்திரை விழுந்துவிடும் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்வார்கள். சொல்லட்டும்.

சமூகநல இலாகாவின் கீழ் பி.டி.கே. என்று சமூக மறுவாழ்வு மையங்கள் இருப்பது தெரிந்திருக்கும். 1984-இல் திரங்கானுவில் பத்து ராகிட்டில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க உண்டு. அங்கே பெரும்பாலும் மலாய்தான் பேசுவார்கள். போகட்டும், நல்லதுதான். மலாய் அங்கே, தமிழ் வீட்டில். தோட்டத்து லயத்தில் வளர்ந்த நம் தலைமுறைக்கும் மொழிகள் இப்படித்தான் வந்தன. இவனுக்கு மெதுவாக வரும்.

தமிழ்ப்பள்ளி பற்றி இப்போதே முடிவு கட்ட வேண்டாம், இன்னும் வருடங்கள் இருக்கின்றன. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் கிடையாது, சிலவற்றில்தான். அதனால் அடுத்த வருடமே உங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த வகுப்பு இருக்கிறதா, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், உதவியாளர் உண்டா. தலைமையாசிரியர் தயங்கினால், எந்தப் பிள்ளையையும் மறுக்கக்கூடாது என்ற கொள்கையை 2019-இலேயே கல்வியமைச்சு கொண்டுவந்துவிட்டது என்று பணிவாக நினைவூட்டுங்கள். நல்ல வகுப்பும் நல்ல ஆசிரியரும் தேசியப் பள்ளியில்தான் கிடைக்கிறார்கள் என்றால் அங்கேயே சேருங்கள், தமிழன்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வீட்டில் பாட்டி இருக்கிறார்.

பள்ளிகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தப் பள்ளி என்று முடிவு செய்வதற்கு அந்த விவரங்கள் எனக்கும் தேவை.